வெயிலை உப்புக்கு அடியில் பூட்டிவைக்கும் குளம்

சாதாரணக் குளத்தில் வெயிலின் சூடு தங்காது. சூடான நீர் இலேசாகி மேலே வரும், வந்ததும் காற்றில் ஆறிவிடும். சூரிய வெப்பக் குளத்தில் இந்த ஏற்றத்தை உப்பு தடுத்துவிடுகிறது.

குளத்தின் அடியில், இதற்குமேல் உப்பு கரையாது என்கிற அளவுக்குச் செறிந்த உப்புநீர். மேலே ஏறக்குறைய நல்ல தண்ணீர். நடுவில் சுமார் ஒரு மீட்டருக்கு, ஆழம் போகப் போக உப்பு கூடும் அடுக்கு. அடிநீர் எவ்வளவு சூடானாலும் மேலுள்ள நீரைவிடக் கனமாகவே இருப்பதால் அங்கேயே கிடக்கும். அசையாத நடு அடுக்கு ஒளியை உள்ளே விடும். சூட்டைக் கம்பளி போலப் பொத்திவைக்கும். அடியில் 80, 90 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இரவிலும் அந்தச் சூட்டை எடுக்கலாம். இன்றைய ருமேனியாவிலுள்ள டிரான்சில்வேனியாவின் மெத்வே ஏரியில் இது இயற்கையாகவே நடப்பதை 1902-லேயே கலெசின்ஸ்கி என்ற ஹங்கேரிய விஞ்ஞானி விவரித்திருக்கிறார்.

மின்சாரம் எடுக்க இந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்காது. அதனால் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் கரிமத் திரவம் ஒன்றை அடிநீரால் சூடாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். சாக்கடல் பகுதியில் இஸ்ரேல் அமைத்த 1979-ல் 150 கிலோவாட், 1984-ல் 5 மெகாவாட் நிலையங்கள் இப்படித்தான் ஓடின. பெரியது சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. 85 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையே ஓடும் எந்த இயந்திரமும், கோட்பாட்டின்படியே, வாங்கும் சூட்டில் சுமார் 15 சதவீதத்துக்குமேல் வேலையாக மாற்றித் தராது. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது.

அதனால் சூட்டைச் சூடாகவே பயன்படுத்துவதுதான் சரி என்பேன். குஜராத்தின் புஜ் நகரில் 6,000 சதுர மீட்டர் குளம் ஒன்று 1993 முதல் சில ஆண்டுகள் பால் பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தது. அமெரிக்காவின் மையாமிஸ்பர்கில் ஒரு குளம் கோடையில் நீச்சல் குளத்தையும், குளிர்காலத்தில் பக்கத்துக் கட்டடத்தையும் சூடாக்கியது. கட்டடத்தைக் குளிரவைக்கவும் வழி உண்டு. காற்றழுத்தம் மிகக் குறைந்த கலத்தில் தண்ணீர் சில டிகிரியிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். அந்த ஆவியை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசல் இழுத்துக்கொள்ளும். அப்புறம் குளத்துச் சூடு கரைசலிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்க, சுழற்சி தொடரும். ஏசியில் மின்சாரத்தை விழுங்கும் கம்ப்ரசர் இதில் இல்லை.

பராமரிப்புதான் கடினம். உப்பு மெல்ல மேலே பரவிக்கொண்டே இருக்கும். அடியில் உப்புநீரும் மேலே நல்ல தண்ணீரும் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று அலை எழுப்பினால் அடுக்குகள் கலங்கும். பாசி பிடித்தால் வெயில் அடிவரை இறங்காது. எல்லாவற்றையும்விட அடித்தளக் கசிவு மோசமானது: சூடும் உப்பும் போவதோடு நிலத்தடி நீரும் உப்பாகும்.