மணிக்கட்டில் ஒரு குடம்: ‘கைக்கடிகாரம்’ சொல் விளக்கம்

கைக்கடிகாரம் என்பது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் நேரங்காட்டும் கருவி. தமிழ்நாட்டுப் பேச்சில் இது ‘வாட்ச்’. ஈழத் தமிழர் வாயில் ‘மணிக்கூடு’. ‘கை’ என்பதன்பின் ககர ஒற்று மிகும் என்பதால், கடைப்பலகைகளில் அடிக்கடி காணும் ‘கைகடிகாரம்’ பிழையான வடிவம்.

சொல்லின் தலைப்பகுதி தமிழ். வால்பகுதியாகிய ‘கடிகாரம்’ வடமொழி வழியில் வந்தது. வடமொழியில் ‘கட’ என்றால் குடம். கச்சேரி மேடையில் வாசிக்கப்படும் கடமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் சிறுமைப்பெயர் ‘கடிகா’, அதாவது சிறு கலம். அடியில் நுண்ணிய துளையிட்ட கிண்ணம் ஒன்றை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்குவதற்கு ஆகும் நேரத்தை ஓர் அளவாகக் கொண்டார்கள். அந்தக் கலத்தின் பெயரே அந்த நேரத்துக்கும் பெயராகி, தமிழில் ‘கடிகை’ ஆயிற்று. ஒரு கடிகை என்பது ஒரு நாழிகை, இன்றைய கணக்கில் 24 நிமிடம். ஒரு கடிகை நேரம் தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்னும் நம்பிக்கையால் சோளிங்கருக்குத் திருக்கடிகை என்ற பெயர் வழங்குவதும் இதனால்தான்.

வடசொல் வருவதற்கு முன் தமிழரிடம் நேரம் அளக்கும் கருவி இல்லை என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. முல்லைப்பாட்டில், பாசறையில் தங்கியிருக்கும் அரசனுக்குப் பொழுதளந்து சொல்வோர் ‘குறுநீர்க் கன்னல்’ கொண்டு கணக்கிட்டு அறிவிக்கிறார்கள். கன்னல் என்பது நீர்க்கலம். ‘நாழிகை’ என்ற சொல்லும் உள்துளையுள்ள அளவுகலமாகிய ‘நாழி’யோடு உறவுடையது. எந்தச் சொல்லைத் தொட்டாலும் அடியில் ஒரு பாத்திரமும் கொஞ்சம் தண்ணீரும் இருக்கின்றன.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. ‘வாட்ச்’ என்பதன் பழம்பொருள் விழித்திருத்தல், காவல் காத்தல். இரவைக் காவல் முறைகளாகப் பிரித்த வழக்கம் நம்மிடமும் உண்டு. ஏழரை நாழிகை கொண்ட யாமம் அப்படிப்பட்ட பிரிவுதான். ஆனால் யாமம் என்ற சொல் கருவியின் பெயராக மாறவில்லை, வாட்ச் மாறியது. அது மணிக்கட்டுக்கு வந்ததும் மிகப் பழைய செய்தியன்று. ஆண்கள் நெடுங்காலம் அதைச் சங்கிலியில் கோத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். பறக்கும்போது இரு கைகளும் விசைகளில் இருந்ததால் பையைத் துழாவ முடியாத விமானி சாந்தோஸ் துமோனுக்காக 1904-இல் பாரிஸ் நகை வணிகர் லூயி கார்த்தியே (Cartier) கைக்கடிகாரம் ஒன்றைச் செய்தளித்தார். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகள் அதைப் பொதுவழக்காக்கின.

தூய தமிழ் வேண்டுவோர் ‘மணிப்பொறி’ என்றும் ‘கைமணிப்பொறி’ என்றும் எழுதுவது உண்டு. பொருள் பொருந்தினாலும் பொறி என்றதும் பெரிய எந்திரம் கண்முன் வருவதால் அது மணிக்கட்டில் ஒட்டவில்லை என்பது என் கருத்து. ஈழத்து ‘மணிக்கூடு’ அழகிய சொல். மணியைக் காட்டும் இயக்கம் அடங்கிய கூடு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தமிழ்நாட்டு எழுத்துக்குக் ‘கைக்கடிகாரம்’ போதும். எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

‘மணிக்கட்டு’ என்ற சொல்லைக் கடிகாரம் கட்டுவதால் வந்த பெயர் என்று விளையாட்டாகச் சொல்வார்கள். அது சரியன்று, வடமொழியின் ‘மணிபந்தம்’ போலவே, மணிகளாலான அணியைக் கட்டும் இடம் என்பதே அதன் பொருள். நேரத்தைக் குறிக்கும் ‘மணி’, ஒலிக்கும் மணியிலிருந்து வந்தது. ஒன்று அணிகலன், மற்றொன்று நேரம். கைக்கடிகாரம் வாங்கப் போகிறவர் இரண்டில் எதை முதலில் நாடுகிறார் என்பதைத் தமக்குத்தாமே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

அணியாக நாடுவோர் பார்க்க வேண்டியது அளவு. ஆண்கள் கடிகாரங்களில் பெரும்பாலானவை 36 முதல் 42 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் அடங்கும். ஆனால் விட்டத்தைவிட, பட்டை மாட்டும் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையிலான நீளமே முக்கியம். அது மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டினால் எவ்வளவு விலையுயர்ந்த கடிகாரமும் இரவல் வாங்கியதுபோல் தோன்றும். முழுக்கைச் சட்டை அணிவோருக்குத் தடிமன் குறைந்தது நல்லது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ‘எட்ஜ்’ 3.5 மில்லிமீட்டர் தடிமனே கொண்டது. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகிய பெயர்களின் ஆங்கில எழுத்துகள் சேர்ந்ததே டைட்டன் என்ற பெயர் என்பதையும் சொல்லாராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாம். தோல்பட்டை நேர்த்தியானது, ஆனால் சென்னையின் வியர்வையில் விரைவில் நைந்து நாறும் என்பதால், நாள்தோறும் அணிவதற்கு எஃகுச் செயினோ ரப்பர் பட்டையோ ஏற்றது.

நேரத்துக்காக நாடுவோருக்குக் குவார்ட்ஸ் போதும். சின்னஞ்சிறு செல்லின் மின்சாரத்தில் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர, அதை எண்ணி முள் நகர்கிறது; பிழை மாதத்துக்குச் சுமார் 15 நொடி. சுருள்வில் கடிகாரத்தில் நாளொன்றுக்கே சில நொடிகள் பிசகும். ‘ஆட்டோமேட்டிக்’ என்பதைத் ‘தானியங்கி’ என்று பெயர்ப்பது வாங்குவோரைக் குழப்புகிறது; அது தானாக இயங்குவதில்லை, கை அசைவதால் தானே சாவி ஏறுகிறது. கழற்றி வைத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் நின்றுவிடும். ஆகவே ‘தற்சாவிக் கடிகாரம்’ என்பது மெய்ப்பொருளுக்கு நெருக்கமாக இருக்கும்.

நீரில் மூழ்கிப் பெயர் பெற்ற கருவியின் வழிவந்தது இன்று நீரைக் கண்டு அஞ்ச வேண்டியிருக்கிறது. கடையில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்பார்கள். பின்மூடியிலோ ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று இருக்கும். முன்னதற்கு ‘நீர்புகா’ என்றும் பின்னதற்கு ‘நீர்தாங்கு’ என்றும் வேறுபடுத்தி எழுத வேண்டும். 30 மீட்டர் என்ற குறிப்பு சோதனைக்கூடத்தில் தாங்கிய அசையா நீரழுத்தமேயன்றி முங்கும் ஆழமன்று. அது கை கழுவும்போது தெறிக்கும் துளிகளையும் சிறு தூறலையும் தாங்கும், அவ்வளவே. நீச்சலுக்கு 100 மீட்டர் என்று குறித்ததை வாங்க வேண்டும்.