புத்தகத்தைத் தேடும் முன் நூலடைவைத் திறவுங்கள்

சேலம் வட்டார வரலாற்றை ஆராய வரும் மாணவர்கள் நூலகத்தில் என்னிடம் அடிக்கடி சொல்வது: "அந்தப் புத்தகம் எங்கேயும் இல்லைங்க." எங்கே தேடினீர்கள் என்று கேட்டால், இணையத்தில் புத்தகப் பெயரைத் தட்டிப் பார்த்ததோடு நின்றிருப்பார்கள். அரிய நூலைத் தேடுகிறவர் முதலில் திறக்க வேண்டியது நூலடைவைத்தான்; அதாவது, என்னென்ன நூல்கள் அச்சாகியிருக்கின்றன என்று சொல்லும் பட்டியலை.

1867இல் வந்த 'அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம்' நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. அச்சாகும் நூல்களை அரசு பதிவு செய்து, காலாண்டுக்கு ஒருமுறை அரசிதழில் பட்டியல் வெளியிட்டது. ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி என்பதுவரை அதில் உண்டு. பிரதி எண்ணிக்கையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். சில நூறு பிரதிகளே அச்சான தலபுராணம் என்றால், சென்னையில் கன்னிமாராவிலும் ரோஜா முத்தையா நூலகத்திலும் கேட்டுவிட்டு, அந்தக் கோயில் இருக்கும் ஊருக்கே போய் விசாரிக்கச் சொல்வேன். சட்டத்துக்கு முந்தைய நூல்களுக்கு மர்டாக் என்ற பாதிரியார் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல் பட்டியல் இருக்கிறது. லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த பிரதிகளுக்கு, பார்னெட்டும் போப்பும் 1909இல் தொகுத்த பிரிட்டிஷ் மியூசியம் பட்டியல்.

சரி, பட்டியல் கையில் வந்தாச்சு. எந்த ஊர்ப் பெயரில் தேடுவது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தருமபுரி 1965 வரையும் நாமக்கல் 1997 வரையும் சேலம் மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே தருமபுரியோடு சேர்ந்திருந்த ஓசூர், கிருஷ்ணகிரி பற்றிய பழைய செய்திகளும் 'சேலம்' தலைப்பின் கீழ்தான் கிடைக்கும். திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் பதிப்பித்த கொங்குமண்டல சதகமோ 'சேலம்' என்று தேடினால் அகப்படாது. 'கொங்கு' என்று தேட வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் சேர்வராயன் மலையின் பெயரை ஷெவராய், ஷெர்வராய் என்று விதவிதமாக எழுதினார்கள். தெரிந்த எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆண்டிலும் கவனம் வேண்டும். தலைப்புப் பக்கத்தில் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம். அறுபது வருட வித்தியாசம்! அச்சகத்தின் பெயரை நூலடைவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதேபோல, லெ ஃபானுவின் 1883 சேலம் மாவட்டக் கையேட்டை மறுபதிப்பில் படித்துவிட்டு மறுபதிப்பின் ஆண்டை மட்டும் ஆய்வேட்டில் போடாதீர்கள். நூற்றாண்டுக்கு முந்தைய சாட்சியம் நேற்று எழுதியதுபோல் ஆகிவிடும்.

1918இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்டக் கெசட்டியரை (மாவட்ட விவரச் சுவடியை) வாசிக்கும்போது அடிக்குறிப்புகளை விடாதீர்கள். 1792இல் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு, அதை நிர்வகித்த ரீடும் அவருடைய உதவியாளர்களும் எழுதிவைத்த பாராமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) ஆவணங்கள் போன்ற மூலங்களுக்கு அவை வழிகாட்டும்.

ஆனால் எந்தப் பட்டியலும் முழுமையானதல்ல. கும்பாபிஷேக மலர், சாதிச் சங்க அறிக்கை, குடும்ப வரலாறு, நெசவாளர் சங்கத் துண்டுப் பிரசுரம் இவையெல்லாம் பெரும்பாலும் பதிவுக்கு வராமலே போனவை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் பழைய வீட்டைக் காலி செய்கிறவர்களே, பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் இவற்றை அருகிலுள்ள நூலகர் யாரிடமாவது காட்டுங்கள். அது முடியாவிட்டால் தலைப்புப் பக்கத்தையும், அச்சகப் பெயர் உள்ள பக்கத்தையும், உள்ளே யாராவது கையெழுத்தில் குறித்திருந்தால் அதையும் போட்டோ எடுத்து நூலகருக்கு அனுப்புங்கள்.