புலி பார்க்கப் போகிறவர்கள் மானுக்குச் செய்வது

முதுமலைக்குக் கிளம்பும் நண்பர்கள் போன் செய்து கேட்கும் முதல் கேள்வி, "புலி தெரியுமா?" என்பதுதான். அநேகமாகத் தெரியாது என்றுதான் சொல்வேன். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் 114 புலிகள் இருப்பதாகச் சொல்கிறது. காப்பகத்தின் பரப்பு, வெளிவட்டத்தையும் சேர்த்து 688 சதுர கிலோமீட்டர். சுற்றுலா வேன் போவது அதில் ஒரு சிறு மூலையில். உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிய இடத்தில், பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் புலியைக்கூட வேனில் இருப்பவரால் பார்க்க முடியாது. வருடக்கணக்கில் காட்டுக்குள் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களே அதன் கால்தடத்தையும் எச்சத்தையும் பார்ப்பதுதான் அதிகம்.

புள்ளிமான் கண்டிப்பாகத் தெரியும். குரங்கு தெரியும். சாம்பல் மந்தி, காட்டெருமை, மயில், அதிர்ஷ்டம் இருந்தால் யானைக்கூட்டமும் செந்நாயும் தெரியும். உங்கள் பயணம் உண்மையில் சந்திப்பது இவற்றைத்தான். ஆகவே உங்களால் கெடுதல் வருவதும் இவற்றுக்குத்தான்.

நான் காட்டோரத்தில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர். அன்றாடம் மாடும் ஆடும்தான். வனத்துறையினர் கூப்பிட்டால் காட்டு விலங்குகளுக்கும் போவேன். அப்படிப் போவது பெரும்பாலும் மருத்துவம் பார்க்க இல்லை, போஸ்ட்மார்ட்டம் செய்ய. இறந்தது நடுக்காட்டு விலங்கு என்றால் காரணம் அநேகமாகக் காட்டுக்குள்ளேயே இருக்கும்: சண்டை, முதுமை, வறட்சி. சாலையோரத்து விலங்கு என்றால் கதை வேறு.

முதலில் சாலை. தெப்பக்காடு வழியாகப் பந்திப்பூருக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை காப்பகத்தின் நடுவே ஓடுகிறது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை. பந்திப்பூர்ப் பக்கம் 2009இல் வந்த தடை இது. நல்ல விஷயம், சந்தேகமில்லை. ஆனால் செக்போஸ்ட் மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று இருட்டிய பிறகு பறக்கும் வண்டிகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அந்தி நேரம்தான் மான் கூட்டம் மேய்ச்சலுக்கு நகரும் நேரம். பார்வை மறைக்கக் கூடாதென்று சாலையின் இரு பக்கமும் செடிகளை வெட்டிவிடுவதால் அங்கே இளம்புல் துளிர்க்கிறது. அதைத் தேடி மான்கள் தாரோரத்துக்கே வந்து நிற்கும். ஒரு மான் குறுக்கே ஓடினால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மான் தப்பித்ததும் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்தான் இரண்டாவதை அடிக்கிறார்.

அடிபட்ட மானுக்கு என்னால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம். பசுமாட்டைக் கட்டிப்போட்டு வைத்தியம் பார்க்கலாம், மானைப் பிடிப்பதே அதைக் கொன்றுவிடக் கூடும். பயந்து திமிறும்போது தசைகளுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் அமிலம் சேர்கிறது, தசைச் செல்கள் உடைகின்றன. அவற்றிலிருந்து கசியும் புரதம் இரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்குப் போய் அதைப் பழுதாக்குகிறது. சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ விலங்கு செத்துவிடும். இதற்கு அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. விடாமல் ஹாரன் அடித்து வண்டியில் துரத்தினாலே போதும். ரீல்ஸுக்காக மான் கூட்டத்தை ஓடவிட்டு எடுக்கும் பையன்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இந்தச் சாவு நடக்கலாம். அவர்களுக்குத் தெரியப்போவதே இல்லை.

அதனால் அடிபட்ட விலங்கைத் தூக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், சுற்றி நின்று படம் எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்துச் செக்போஸ்ட்டில் சொல்லுங்கள், போதும். புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியைப் பார்த்து "பாவம், தாயில்லாத குட்டி" என்று மடியில் வைத்துக் காரில் கொண்டுவருகிறவர்களும் உண்டு. தாய் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது, அவ்வளவுதான். குட்டியும் சொல்லிவைத்தது போல அசையாமல் படுத்திருக்கும். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது தீனி. இது நல்ல மனதோடு செய்யப்படும் கெடுதல் என்பதால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மானுக்கும் மாட்டைப் போலவே நான்கு அறை வயிறு. முதல் அறையில் வாழும் நுண்ணுயிரிகள்தான் புல்லைச் செரிக்க வைக்கின்றன. பிஸ்கட், ரொட்டி, சோறு என்று மாவுப் பண்டம் மொத்தமாக உள்ளே போனால் வேறு வகை நுண்ணுயிரிகள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும், விலங்கு தள்ளாடிக் கீழே விழும். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற பசு மறுநாள் வயிறு உப்பிப் படுத்துவிடுமே, அதே நோய்தான். பசுவுக்கு நான் ஓடிப்போய் ஊசி போடலாம், குழாய் விட்டு வயிற்றைக் கழுவலாம். மானுக்கு யார் செய்வது?

பிளாஸ்டிக் இன்னும் மோசம். சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறம் உப்பு ஒட்டியிருக்கும். புல் மட்டும் தின்னும் விலங்குக்கு உப்பின் மேல் தீராத ஆசை, பாக்கெட்டோடு விழுங்கிவிடும். அது செரிக்காது, வெளியேயும் போகாது. மேலும் மேலும் சேர்ந்து கயிறு போலத் திரிந்து வழியை அடைத்துவிடும். வயிறு நிறைந்திருப்பதால் பசி எடுக்காது, உணவு உள்ளே போகாது. எலும்பு தெரிய இளைத்துச் செத்த மானின் வயிற்றைத் திறந்தால் பந்து மாதிரி ஒன்று வரும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதற்கு முகம் சுளிக்காதீர்கள்.

குரங்குக்கு வயிறு ஒற்றை அறை என்பதால் பிஸ்கட்டால் உடனே சாகாது. அது கெட்டுப்போகும் விதம் வேறு. வண்டி நின்றால் தீனி என்று கற்றுக்கொண்ட குரங்கு காட்டுக்குள் பழம் தேடுவதை விட்டுச் சாலையிலேயே குடித்தனம் நடத்தும். பிறகு டயரில் அடிபடும், அல்லது தீனி தராத குழந்தையைக் கடிக்கும். கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து நிறுத்துவதைவிட, அந்த மானின் வயிற்றை நினைத்து நிறுத்துவது மேல்.

யானை விஷயத்தில் ஆபத்து இரண்டு பக்கமும். சாலையில் யானை நின்றால் ஹாரன் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், கீழே இறங்கவே வேண்டாம். காதை விரித்து அசையாமல் உங்களையே பார்த்து நின்றால் அது எரிச்சலில் இருக்கிறது. மெதுவாகப் பின்னால் எடுங்கள். குட்டி இருந்தால் இன்னும் தூரம். மசினகுடிப் பக்கம் "நைட் சஃபாரி" என்று ஜீப்பில் அழைத்துப் போகிறோம் என்பார்கள். அது சட்டவிரோதம், போகாதீர்கள். இரவில் டார்ச் அடித்துப் பார்க்கும் விலங்கு உங்களைப் பார்ப்பதில்லை, கண் கூசித் திணறுகிறது. இங்கே சீகூர் பீடபூமியில் யானை வழித்தடம் ஓடுகிறது. அதை மறித்து நின்ற ரிசார்ட்டுகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் எரியும் டயரை வீசியதில் காயம்பட்ட ஆண் யானை ஒன்று இறந்தது. தங்குமிடம் தேடும்போது வழித்தடத்துக்கு வெளியே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் கேட்டால்தான் உரிமையாளர் யோசிப்பார்.

தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகுக் களி ஊட்டுவதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும். இருமல் இருந்தால் தள்ளியே நில்லுங்கள். மனிதரிடமிருந்து யானைக்குக் காசநோய் தொற்றும். விலங்கிடமிருந்து நமக்கு நோய் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும், நம்மிடமிருந்து அவற்றுக்குப் போவதை யாரும் நினைப்பதில்லை.

அப்படியானால் புலிக்கு நம்மால் ஒன்றும் இல்லையா? இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர், கான்ஹா காடுகளில் புலி எச்சத்தைச் சேகரித்து, மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், சுற்றுலாப் பருவத்தில் அந்த அளவு கூடியிருந்தது தெரியவந்தது. நீண்ட காலம் இந்த ஹார்மோன் கூடியே இருந்தால் இனப்பெருக்கமும் நோய் எதிர்ப்புச் சக்தியும் அடிபடும் என்பது எந்த விலங்குக்கும் பொருந்தும். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள், விலங்கிடமிருந்து வண்டி குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்கின்றன. ஓட்டுநரிடம் "இன்னும் கொஞ்சம் கிட்ட போப்பா" என்று நச்சரிப்பதும், புலி காட்டினால் தனியாகப் பணம் தருகிறேன் என்பதும் அந்த 20 மீட்டரை விலைக்கு வாங்குவதுதான். எனக்கு இதில் ஓட்டுநர் மேல் கோபம் வருவதில்லை.

உங்கள் உடம்புக்கும் ஒரு வார்த்தை. டிசம்பரிலிருந்து மே வரை உண்ணிகள் அதிகம். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிக் கடியால் பரவுவது. 2012 கடைசியில் பந்திப்பூரில், செத்த குரங்குகளைக் கையாண்ட வனப் பணியாளர்களுக்கு அது வந்தது. முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். செத்த குரங்கின் பக்கம் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு கடும் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், வீட்டு நாயைக் கூட்டிவராதீர்கள். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் செந்நாயையும் பெரும்பூனைகளையும் தாக்கும். 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களை அது கூட்டம் கூட்டமாகக் கொன்றது.

கடைசியாக, முதுமலைக்கு வருகிறவர்கள் அநேகமாகக் கேட்காத ஒன்றைப் பற்றி. தென்னிந்தியாவில், செத்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகுகள் அதிகமாகக் கூடு கட்டும் இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். வெயில் ஏறியதும் மசினகுடியில் நின்று வானத்தைப் பாருங்கள், வட்டமிடுபவை தெரியலாம். இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99 என்ற கணக்கில் அழிந்ததற்குக் காரணம் வேட்டையோ காடழிப்போ இல்லை, என் போன்றவர்கள் மாட்டுக்குப் போட்ட வலி மருந்து. டைக்ளோஃபெனாக் போட்ட மாடு இறந்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கும். போஸ்ட்மார்ட்டத்தில் ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு தூவியது மாதிரி யூரிக் அமிலம் படிந்திருக்கும். கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இலேயே தடை செய்யப்பட்டது. பின்னர் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக், நிமிசுலைடு ஆகியவையும் தடைக்குள் வந்தன. ஆனாலும் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் முழுதாக ஒழியவில்லை. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ மாடு இருந்தால், காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் பாறுகளுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகம் எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக எதையாவது வாங்கிப் போடாதீர்கள். செத்த மாடு எங்கே போய்ச் சேரும், அதை எது தின்னும் என்று ஊசி போடும்போது யாருக்கும் தெரியாது.