அரை நொடியும் ஆர்எஸ்எஸ் ஃபோல்டரும்

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளருக்கு ஒரு சந்தேகம். தூரத்திலிருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே, ஏன்? தோண்டிக்கொண்டே போனார். லினக்ஸ் இயங்குதளத்தில் ஃபைல்களைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளுக்குள் ஒரு கள்ளக் கதவு ஒளிந்திருந்தது. அதை வைத்த ஆள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாகப் பங்களித்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, அப்புறம்தான் கைவரிசையைக் காட்டியிருந்தார். பரவலாகப் போய்ச் சேரும் முன்பே குட்டு உடைந்தது.

சைபர் பாதுகாப்பு வேலையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இத்தனைக்கும் ஃபிராய்ண்ட் இந்தத் துறைக்காரரே இல்லை.

சம்பளம்? குறையில்லை. ஆனால் அதற்காக மட்டும் வந்தவர்கள், நைட் ஷிஃப்டில் நூறாவது பொய் அலர்ட்டை மூடும்போது கசந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நூறையும் ஒழுங்காகப் பார்த்தால்தான் நூற்றியோராவது கண்ணில் படும்.

எனக்கு அப்படிக் கண்ணில் பட்டது ஒரு மெயில் ரூல், அதாவது வருகிற மெயிலைத் தானாக என்ன செய்ய வேண்டும் என்று வைக்கும் கட்டளை. கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அம்மாவின் மெயிலில் நள்ளிரவுக்கு மேல் புதிதாக முளைத்திருந்தது. அதன் பெயர் வெறும் ஒரு புள்ளி. ‘இன்வாய்ஸ்’ என்ற சொல்லோடு எது வந்தாலும், படித்ததாகக் குறித்து, இணையதளச் செய்திகள் வந்து சேர்வதற்கென்று இருக்கும், யாரும் திறந்தே பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். அந்த அம்மா தூங்குகிற நேரத்தில் யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்” என்று இரண்டு வாடிக்கையாளர்களுக்கு எழுதியிருந்தார்கள். பதில் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அதற்குத்தான் ரூல். விடிந்ததும் இருவருக்கும் போன் போட்டோம். நல்லவேளை, பணம் போகவில்லை.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அப்புறம்தான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். ரூல் அப்படியே இருக்கும். திருடன் ஏற்கெனவே லாகின் செய்து திறந்து வைத்திருக்கும் செஷனும் உயிரோடு இருக்கலாம். ரூலை அழித்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாகவுட் செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பில் தெரியாத போன் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் மெயில் செட்டிங்ஸிலும் ரூல், ஃபார்வர்டிங் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீங்கள் வைக்காதது ஏதாவது இருந்தால் உடனே ஐடி ஆட்களைக் கூப்பிடுங்கள்.

அந்த அம்மாவிடம் பேசினேன். “ஏதோ லிங்க்குல பாஸ்வேர்ட் போட்டேன் தம்பி, அப்பவே என்னவோ மாதிரி இருந்துச்சு. சொன்னா திட்டுவாங்கன்னு விட்டுட்டேன்.” மூன்று நாள் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். திருடன் அந்த மூன்று நாளும் நிதானமாக அவர் மெயில்களைப் படித்திருக்கிறான். ஏமாந்தவரைத் திட்டுகிற அலுவலகம் எவ்வளவு விலைக்குக் கருவி வாங்கி வைத்தாலும் புண்ணியமில்லை. “திட்ட மாட்டாங்கம்மா, நான் பேசிக்கிறேன்” என்றேன். பேசவும் செய்தேன். ரூலைப் பிடித்ததைவிட எனக்கு நிறைவாக இருந்தது அதுதான்.

கைதட்டல் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. 2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்துவிட்டது. அதை உடனே போட்டு வைத்த அட்மின்களுக்கு அது இன்னொரு வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான். அவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை. அந்தச் சாதாரண வெள்ளிக்கிழமையைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் இங்கே நிலைக்கிறார்கள்.

எங்கள் மெயில் ரூல் விவகாரம் மாத அறிக்கையில் ஒற்றை வரியாக வந்துபோனது. ஆனால் அந்த அம்மா இப்போதெல்லாம் எந்த மெயிலில் சந்தேகம் வந்தாலும் எனக்கு அனுப்பிவிடுகிறார். போன வாரமும் ஒன்று வந்தது: “தம்பி, இது திருட்டு மெயிலா?” திறந்து பார்த்தேன். பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்கு நானே அனுப்பிய அழைப்பு.