எதிர்ப்புத் தூண்டி

கோதுமையைத் தாக்கும் துரு நோய், சாம்பல் நோய் ஆகிய பூஞ்சை நோய்கள் பற்றிய கட்டுரைகளில் ‘எலிசிட்டர்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டும். அதைச் சிலர் பூஞ்சைக்கொல்லி என்றே பெயர்த்துவிடுகிறார்கள். பொருளே கெட்டுப்போகிறது. பூஞ்சைக்கொல்லி நேராகப் பூஞ்சையைத் தாக்கும். எலிசிட்டரின் இலக்கு பயிர். பயிரிடம் ஏற்கெனவே உள்ள தற்காப்பை அது கிளப்பிவிடுகிறது. அதற்குத் தமிழில் ‘எதிர்ப்புத் தூண்டி’ என்ற பெயரே பொருத்தம் என்பது என் கருத்து.

லத்தீனில் ‘எலிசெரே’ என்றால் வெளியே இழுத்தல், வரவழைத்தல். 1970களில் நோயல் கீன் போன்ற தாவர நோயியலார் இச்சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அதன் பொருள் குறுகலாக இருந்தது: பைட்டோஅலெக்சின் எனப்படும் தற்காப்பு வேதிப்பொருளைச் செடி உண்டாக்கச் செய்யும் மூலக்கூறு, அவ்வளவுதான். பிறகு, செடியின் எந்தத் தற்காப்பைக் கிளப்பும் பொருளுக்கும் அதுவே பெயராயிற்று.

1961இல் ராஸ் என்ற ஆய்வாளர், ஓர் இலையில் நோய் தாக்கிய புகையிலைச் செடியின் மற்ற இலைகளும் எதிர்ப்புப் பெறுவதை விளக்கினார். 1979இல் ஆஸ்பிரின் கரைசலே புகையிலையில் வைரஸ் நோயைக் குறைப்பதாக ஒயிட் என்ற ஆய்வாளர் காட்டினார். தலைவலி மாத்திரைக்கும் செடிக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். இரண்டுக்கும் நடுவே நிற்பது சாலிசிலிக் அமிலம். செடிக்குள் ஆபத்தை அறிவிக்கும் சமிக்ஞைகளில் அது ஒன்று. அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பொருள்தான் அசிபென்சொலார். கோதுமையில் அது தற்காப்பு மரபணுக்களை முடுக்கி, சாம்பல் நோய்ப் பூஞ்சையின் வளர்ச்சியைப் பல கட்டங்களில் தடுப்பதை 1996இல் வெளியான ஆய்வு விவரித்தது. எக்டேருக்கு ஏறத்தாழ 30 கிராம் போதும். ஆனால் நோய் வருமுன் தெளிக்க வேண்டும். செடி ஆயத்தமாகச் சில நாட்கள் பிடிக்கும். பரவிவிட்ட நோயை விரட்ட இது உதவாது.

இது இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்பும் அன்று. நோயே இல்லாத சூழலில் இதைத் தெளித்த கோதுமை, தெளிக்காததைவிடக் குறைவாக வளர்ந்து குறைவான மணிகளையே தந்ததை 2000இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. தற்காப்புக்குச் செலவாகும் ஊட்டம் மணிக்குப் போவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே எலிசிட்டரை ‘எதிர்ப்பு ஊக்கி’ என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேளாண்மையில் ஊக்கி என்றதும் வளர்ச்சி ஊக்கிதான் நினைவுக்கு வரும். விளைச்சல் கூடும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ‘பயிர்த் தடுப்பூசி’ கவர்ச்சியான பெயர்தான். ஆனால் தடுப்பூசி போட்ட உடலில் உருவாகும் எதிர்ப்பான்கள் (ஆன்டிபாடி) செடியில் உருவாவதில்லை, கிடைக்கும் காப்பும் குறிப்பிட்ட ஒரு கிருமிக்கு மட்டும் உரியதன்று.

‘தூண்டி’ பொருந்துகிறது. விளக்கைத் தூண்டுவது என்றால் திரியை மேலே தள்ளிச் சுடரை எழச் செய்வது. எண்ணெயும் நெருப்பும் முன்பே அங்கே இருக்கின்றன. லத்தீன் வினையின் கருத்து இதற்குள் அப்படியே அடங்குகிறது. நுணுகிப் பார்ப்பவர்கள், பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டினின் துணுக்கு போன்ற இயற்கை எலிசிட்டர் வேறு, அசிபென்சொலார் போன்ற செயலூட்டி வேறு என்று பிரிப்பார்கள். பொது வாசகருக்கு இரண்டும் தூண்டியாகவே இருக்கட்டும்.

சிக்கல் ‘எதிர்ப்பு’ என்ற முதற்பாதியில்தான். 1998இல் வட ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோய்ப் பூஞ்சை ஸ்ட்ரோபிலூரின் வகைப் பூஞ்சைக்கொல்லி மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போனது. அதையும் எதிர்ப்பு என்றுதான் எழுதுகிறோம். ஒரே பத்தியில் பயிரின் எதிர்ப்பும் பூஞ்சையின் எதிர்ப்பும் வந்தால் யார் யாரை எதிர்க்கிறார் என்றே விளங்காது. அத்தகைய இடங்களில் பூஞ்சைக்கு ‘மருந்தெதிர்ப்பு’ என்றும் பயிருக்கு ‘நோயெதிர்ப்பு’ என்றும் பிரித்து, இப்பொருளை ‘நோயெதிர்ப்புத் தூண்டி’ என்று முழுப்பெயரால் எழுதலாம்.