யூனிடேரியன்: சொல் விளக்கம்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாகக் கடவுள் இருக்கிறார் என்னும் திரித்துவத்தை ஏற்காமல், பிதா ஒருவரே கடவுள் என்று கொள்ளும் கிறிஸ்தவர்களை யூனிடேரியன்கள் என்பர். ‘ஒருமை’ எனப் பொருள்படும் ‘யூனிடாஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். 1600ஆம் ஆண்டையொட்டி திரான்சில்வேனியாவில் ஒரு திருச்சபையின் பெயராக வழங்கிய இச்சொல், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் வேரூன்றியது.

மாசசூசெட்ஸில் பியூரிட்டன்கள் என்னும் ஆங்கிலச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் நிறுவிய, ஒவ்வொன்றும் தன்னைத்தானே ஆண்டுகொண்ட காங்கிரிகேஷனல் சபைகளை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாகப் பிளந்த பூசலில்தான் இச்சொல் அமெரிக்காவில் கூர்மை பெற்றது. மனிதர் பிறப்பிலேயே பாவிகள் என்னும் ஜென்ம பாவம், யார் மீட்படைவர் எனக் கடவுள் முன்பே குறித்துவிட்டார் என்னும் முன்குறித்தல், திரித்துவம் ஆகியவற்றில் ஐயம் கொண்ட தாராளவாதிகளுள் ஒருவரான ஹென்றி வேர், 1805இல் ஹார்வர்டின் இறையியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதனை எதிர்த்த வைதிகர்கள் 1808இல் ஆண்டோவரில் தனி இறையியல் கல்லூரியைத் திறந்தனர். ஆயினும் தாராளவாதிகள் இப்பெயரை விரும்பவில்லை. இயேசுவை வெறும் மனிதராகக் கண்ட இங்கிலாந்தின் யூனிடேரியன்களோடு தம்மைச் சேர்த்து எண்ணுவார்கள் என்று அஞ்சியதே காரணம். 1815இல் வைதிகப் போதகர் ஜெடிடையா மோர்ஸ் அவர்கள்மீது அப்பெயரைக் குற்றச்சாட்டாகவே சுமத்தினார். அதை அப்போது மறுத்தெழுதிய தாராளவாதப் போதகர் வில்லியம் எல்லரி சானிங், 1819இல் பால்டிமோரில் ஆற்றிய பேருரையில் அதே பெயரை ஏற்று, அதற்கு விவிலிய ஆதாரமும் காட்டினார். பழிச்சொல்லை ஆய்ந்து தெளிந்து தன் பெயராக்கிக்கொண்ட அந்த நேர்மை போற்றத்தக்கது.

பூசல் சொத்துக்கும் பரவியது. மாசசூசெட்ஸின் டெட்ஹம் ஊரில் சபை உறுப்பினருள் பெரும்பாலோரான வைதிகர்கள் விலகிச் சென்றபோதும், சபையின் சொத்து, ஊரார் அடங்கிய திருச்சபைப் பங்கோடு நிலைத்தவர்க்கே உரியது என 1820இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1825இல் அமெரிக்க யூனிடேரியன் சங்கம் உருவானது.

இச்சொல்லுக்குத் தமிழில் ‘ஓரிறைக் கொள்கை’ என்பது பொருந்தாது. திரித்துவத்தை நம்புவோரும் கடவுள் ஒருவரே என்றுதான் அறிக்கையிடுகின்றனர். ‘ஏகத்துவம்’ தமிழ் முஸ்லிம்களிடையே தவ்ஹீதைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. ‘திரித்துவ மறுப்பாளர்’ என்பதோ அவர்கள் மறுப்பதை மட்டும் சொல்லி, நம்புவதை விட்டுவிடுகிறது. கடவுள் ஒருவரா என்பதன்று, கடவுளில் எத்தனை ஆட்கள் என்பதே வழக்காதலால், ‘ஓராளிறைக் கொள்கையர்’ என்பதே தக்க சொல். சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்னும் தமிழர் 1795இலேயே தொடங்கிய யூனிடேரியன் சபைக்கும் இச்சொல் பொருந்தும்.