ஜப்பானில் லோரி ஓட்டப் போகிறீர்களா? ஆணி டயரை மறந்துவிடுங்கள்

மலேசியாவில், பினாங்கின் பிறை நகரில் கொள்கலன் லோரி ஓட்டும் என் அத்தை மகன் ஜப்பானுக்கு வேலைக்குப் போகத் தயாராகிறான். பனிச்சாலை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில் கேட்டான்: "ஆணி வைத்த டயர் நல்லதா, ஆணி இல்லாத டயர் நல்லதா?" பட்டர்வொர்த் வெயிலில் தே ஐஸ் குடித்துக்கொண்டே பேசுகிற பேச்சா இது என்று சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான். இப்போது இதே கேள்வி இன்னும் சிலரிடமிருந்தும் வருவதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் அந்த வேலை. குறிப்பிட்ட திறன் தொழிலாளர் என்ற விசா பிரிவில் லோரி, பஸ், டாக்சி ஓட்டுநர்களையும் சேர்க்க ஜப்பான் அரசு 2024 மார்ச்சில் முடிவெடுத்தது. ஐந்தாண்டுக்கு உச்ச வரம்பு 24,500 பேர் என்று அப்போது வைத்தார்கள். லோரிக்கு அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும் தொழில் தேர்வும் வேண்டும். ஜப்பானிய லைசென்ஸும் வேண்டும். நம்மூர் லைசென்ஸை அங்கே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் லைசென்ஸ் எடுத்த பிறகு குறைந்தது மூன்று மாதம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது நமக்கு ஒரு நிம்மதி.

இனி டயர். ஜப்பானில் ஆணி டயரை 'ஸ்பைக்' என்றும் ஆணி இல்லாத குளிர்கால டயரை 'ஸ்டட்லெஸ்' என்றும் சொல்வார்கள். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே அங்கே லோரிக்காரருக்கு இல்லை. ஆணி டயரால் கிளம்பும் தூசியைத் தடுக்க 1990-இல் ஒரு சட்டம் வந்தது. அரசு அறிவித்த பகுதிகளில், பனியோ உறைபனியோ மூடாத தார், சிமெண்ட் சாலையில் ஆணி டயரோடு ஓடினால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சரக்கு லோரிக்கு இல்லை.

"பனி மூடிய இடத்தில் மட்டும் ஓட்டிக்கொள்கிறேனே" என்று கேட்கத் தோன்றும். எழுத்துப்படி அதற்குத் தடை இல்லைதான். ஆனால் டிப்போவிலிருந்து துறைமுகம் போவதற்குள் பனி உருகிக் காய்ந்த தார் அங்கங்கே வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி டயர் மாற்றவா முடியும்? போதாததற்கு, பெரிய டயர் நிறுவனங்கள் 1990 முடிவோடு அங்கே ஆணி டயர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டன.

காரணம் தெரிந்தால் சட்டத்தின் மேல் கோபம் வராது. எழுபதுகளில் வடக்கு ஜப்பானில் குளிர்காலம் வந்தால் எல்லா வண்டியிலும் ஆணி டயர்தான். பனி இருக்கும்வரை சரி. பனி உருகிய பின் அதே ஆணிகள் வெறும் தாரைச் சுரண்டின. தூள் காற்றில் ஏறியது. செண்டாய் நகரத்தைப் பாலைவனம் என்றே சொல்லும் அளவுக்குத் தூசி. மக்கள் முகமூடியோடு நடந்தார்கள். அந்த நகரம் இருக்கும் மியாகி மாநிலம்தான் 1985-இல் முதலில் உள்ளூர்ச் சட்டம் போட்டது. தேசியச் சட்டம் அதற்குப் பின்னால் வந்தது. ஆகஸ்டு, செப்டம்பரில் புகைமூட்டத்தில் இருமிப் பழகிய நமக்கு இது புரியும்.

ஆணி போனால் பிடிமானத்துக்கு என்ன வழி? பனிக்கட்டி வழுக்குவதற்குக் காரணம் அதன் மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம். ஸ்டட்லெஸ் டயரின் ரப்பர் குளிரிலும் இறுகாமல் மெத்தென்று இருக்கும். மேலெல்லாம் பிளேடால் கீறியது போல நுண்ணிய வெட்டுகள் இருக்கும். 1988-இல் பிரிட்ஜ்ஸ்டோன் கொண்டுவந்த பிளிசாக் டயரில் ரப்பருக்குள்ளேயே குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழ்கள். அவை நீரை உறிஞ்சிக்கொள்ள, ரப்பர் நேராகப் பனிக்கட்டியைத் தொடும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பூஜ்ஜியம் டிகிரி அருகில், ஈரம் மினுங்கும் பனிக்கட்டியில் ஆணிதான் கெட்டி. தடைக்குப் பிறகு சப்போரோ நகரச் சந்திப்புகள் கண்ணாடி போல ஆகிவிட்டன. ஆயிரம் வண்டிகள் பிரேக் போட்டு, கிளப்பி, பனியை மெருகேற்றிவிடுகின்றன. முன்பு ஆணி கீறிவிட்ட பரப்பை இப்போது கீற ஆளில்லை. அங்கே நடப்பவர்களே அள்ளித் தூவ முச்சந்திகளில் மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் பங்குக்கு, வேகத்தைக் குறைத்து, இடைவெளியை இரண்டு மடங்காக்கித்தான் ஓட்ட வேண்டும். வேறு மந்திரம் கிடையாது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பொறுப்புக்கு வருவோம். பனிச் சாலையில் வழுக்காமலிருக்க ஏற்பாடு செய்துகொள்வது ஓட்டுநரின் கடமை. ஒகினாவா தவிர மற்ற மாநிலங்கள் எல்லாவற்றிலும் அந்த விதி உண்டு. மீறினால் பெரிய வண்டிக்கு 7,000 யென். சின்னத் தொகைதான். ஆனால் கோடைக்கால டயரோடு ஏற்றத்தில் சிக்கி நெடுஞ்சாலையை மறித்து நின்றால் சேதம் அபராதத்தோடு முடியாது. 2020 டிசம்பரில் கானெத்ஸு விரைவுச்சாலையில் சுமார் 2,100 வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டன. அடுத்த மாதமே போக்குவரத்து அமைச்சு சரக்கு நிறுவனங்களுக்கு விதியை இறுக்கியது: வண்டி கிளம்பும் முன் குளிர்கால டயரின் தேய்மானத்தைப் பார்த்து உறுதிசெய்தாக வேண்டும்.

இந்தத் தேய்மானக் கணக்கில்தான் நம்மவர்கள் ஏமாறுவார்கள். டயரின் பள்ளத்துக்குள் இரண்டு வகை மேடு இருக்கும். ஒன்று நமக்குத் தெரிந்தது: பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்ததும் தலைகாட்டும், அதற்குக் கீழே போனால் மொட்டை டயர். விரைவுச்சாலையில் ஓடும் பெரிய லோரிக்கு அங்கே 3.2, சின்ன லோரிக்கு 2.4 மில்லிமீட்டர் வேண்டும். இன்னொரு மேடு ஸ்டட்லெஸ் டயரில் மட்டும் உண்டு, பெயர் பிளாட்ஃபார்ம். பள்ளம் பாதி தேய்ந்ததும் அது தெரியும். தெரிந்த நிமிடத்தில் அந்த டயருக்குக் குளிர்கால வேலை முடிந்தது. பார்க்க நிறையப் பள்ளம் மிச்சம் இருக்கும், கண் நம்பும், பனி நம்பாது. டயரின் பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறியைத் தேடி, அதற்கு நேரே உள்ள பள்ளத்தில் பாருங்கள்.

பாதி தேய்ந்த டயரைக் கோடையில் ஓட்டித் தீர்ப்பது அங்கே வழக்கம். சட்டம் தடுக்கவில்லை. மெத்தென்ற ரப்பர் வெயிலில் சீக்கிரம் கரையும், மழைச் சாலையில் பிரேக் தூரம் கூடும். நான் செய்யமாட்டேன்.

நல்ல டயர் இருந்தாலும், பிடிமானத்துக்கு டயரின் மேல் சுற்றிக் கட்டும் சங்கிலி தேவைப்படும் இடம் உண்டு. 2018 பிப்ரவரியில் ஃபுகுய் மாநிலத்தில் எட்டாம் எண் தேசியச் சாலையில் சுமார் 1,500 வண்டிகள் நின்றுவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் புது விதி வந்தது. நாடெங்கும் குறிக்கப்பட்ட 13 சாலைப் பகுதிகளில், பெரும்பனி எச்சரிக்கை வந்து பலகை வைத்துவிட்டால், ஸ்டட்லெஸ் இருந்தாலும் சங்கிலி இல்லாமல் நுழைய முடியாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது மூன்று லட்சம் யென் வரை அபராதம்.

கடைசியாக, டயர் மாற்றும் வேளை. நவம்பர் வாக்கில் பனிப் பகுதி லோரிகள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் குளிர்கால டயருக்கு மாறும். அதன் பின் வரும் மாதங்களில்தான் அங்கே சக்கரம் கழன்றோடும் விபத்துகள் கூடுகின்றன, அதுவும் பெரும்பாலும் இடது பின்சக்கரம். 2024 டிசம்பரில் நம் நாட்டில் ஆயர் குரோ அருகே லோரிச் சக்கரம் ஒன்று கழன்று ஏழு உயிர் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். மாற்றிய டயரில் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்று ஜப்பானில் வற்புறுத்துகிறார்கள். இன்னொன்று: பழைய ஜப்பானிய முறை லோரியில் இடது பக்க நட்டு எதிர்த்திசையில் திரும்பும், 2010 வாக்கில் வந்த புதிய முறையில் இரு பக்கமும் வலப்புறமாகத்தான் இறுகும். எந்த வண்டி என்று பார்க்காமல் ஸ்பேனரைப் போட்டால், இறுக்குகிறோம் என்று நினைத்துக் கழற்றிக்கொண்டிருப்போம்.

அத்தை மகனிடம் டயர் வாங்கும் கவலையைக் கம்பெனியிடம் விடச் சொன்னேன். அவன் இப்போதைக்கு வாங்கி வைத்திருப்பது ஒரு ஜோடி தடித்த கையுறை. சங்கிலியை மாட்டுவது வெறும் இரும்பு வேலை, அதுவும் மைனஸ் டிகிரியில்.